ரெக்ஸின் என்று சொல்லிக் கொடுத்தேன்: அனந்தசேன நயினார் நினைவாக

அனந்தசேன நயினார் மறைந்த செய்தி, எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் வந்தது. அவர் மகன் விஜயன்தான் போனில் பேசினான். "மாமா, அப்பா காலையில போய்ட்டாரு. மொதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க" என்றான். அவருக்கு ஆம்பூரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் பழக்கம். ஆனாலும் முதல் போன் எனக்குத்தான் வந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் தேவசகாயம். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். இந்தப் பக்கத்திலேயே தோலைத் தொட்டுப் பார்த்து ஆட்டின் வயதைச் சொல்லக்கூடிய மாஸ்டர்கள் மூன்று பேர்தான். மற்ற இருவர் யார் என்று எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் படித்தவன், ஆகையால் பத்தாவது பாஸுக்குச் சமம். எழுத்தில் பிழை இருந்தால் என் மனைவி எஸ்தர் திருத்திவிடுவாள். நான் கூட்டிச் சொல்லுகிற இடங்களிலும் பென்சிலால் கோடு போடுகிறாள். போடட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நயினார் சார் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் கேட்டு வந்தார். தபால் ஆபீஸில் கிளார்க்காக மாற்றலாகி வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. ஜைனர் என்றார். ஜைனர் என்றால் வடக்கிலிருந்து வந்தவர் என்றுதான் எங்கள் தெருவுக்கே எண்ணம்.

"எந்த ஊரு சேட்டு சார் நீங்க?" என்று கேட்டேன்.

"சேட்டு இல்லீங்க. வந்தவாசிப் பக்கம். எங்க முப்பாட்டன் காலத்துக்கு முன்னாடியிலிருந்தே தமிழ்தான். எங்கள நயினார்னு சொல்லுவாங்க."

"நாங்க ஞாயித்துக்கெழமை ஆனா கறி எடுப்போம் சார். பிரியாணி வாசனை மாடிக்கு ஏறுமே?"

"நான் ஜன்னலச் சாத்திக்கறேன் மாஸ்டர். நீங்க உங்க ஞாயித்துக்கெழமைய சாத்த வேணாம்."

அந்தப் பதிலுக்காகவே அட்வான்ஸ்கூடப் பேசாமல் சாவியைக் கொடுத்தேன். (இங்கே எஸ்தரின் கோடு விழுந்திருக்கிறது. அட்வான்ஸ் வாங்கினோமாம்.)

முதல் நாளே ஒரு வேடிக்கை பார்த்தேன். எங்கள் கிணற்றில் அவர் தண்ணீர் இறைத்தார். தடித்த வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டினார். அது புரிந்தது; எங்கள் ஊர்த் தண்ணீரை யாராக இருந்தாலும் வடிகட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மேல் ஒன்று செய்தார். துணியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை வாளியோடு கயிற்றில் மெதுவாகக் கீழே இறக்கி, கிணற்றிலேயே சாய்த்துவிட்டார்.

"அழுக்க இன்னாத்துக்கு சார் திரும்ப உள்ள விடறீங்க?"

"அழுக்கு இல்ல மாஸ்டர், ஜீவன். கண்ணுக்குத் தெரியாது. அது எந்தத் தண்ணியில இருந்ததோ அந்தத் தண்ணியிலேயே விடணும். மேலருந்து ஊத்தினா அதுக்கு அடிபடும்."

கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு அடிபடுமே என்று கயிறு பிடித்து இறக்குகிற மனிதர், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தோல் வெட்டுப்படுகிற ஊரில், ஒரு கட்டிங் மாஸ்டரின் தலைக்கு மேலே குடியிருந்தார். இதை நினைத்து எனக்கே சில நாள் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "எங்க தொழிலே பாவமா சார்?"

அவர் சிரித்தார். "உங்களோடத அளக்க எங்கிட்ட தராசு இல்ல மாஸ்டர். என்னோடத அளக்கவே பொழுது போதல" என்றார்.

பொழுது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சூரியன் இறங்கிய பிறகு அவர்கள் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் சமைத்தால் பூச்சி விழும், தெரியாமல் கொலை நடக்கும் என்பது கணக்கு. தை மாதத்தில் ஆபீஸ் முடிந்து அவர் சைக்கிளில் வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நெடுஞ்சாலையில் லாரிகளையெல்லாம் முந்துவார். லாரிகள் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும், அது வேறு விஷயம். தெருவில், "நயினார் சார் சூரியனோட ரேஸ் விடறாருடோய்" என்று கத்துவார்கள். தோற்ற நாளில் பட்டினியாகப் படுத்துக்கொள்வார். ஒரு முணுமுணுப்பு இருக்காது.

கிழங்கு, வெங்காயம், பூண்டு, தேன் எதுவும் ஆகாது. கிழங்கைப் பிடுங்கினால் செடியே போய்விடும், மண்ணிலிருக்கிற உயிர்களும் போய்விடும் என்பார். எஸ்தர் கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக் செய்து மாடிக்கு அனுப்பினாள். அவர் மனைவி பத்மாவதி அம்மா தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவார். அவர்களுக்குத் தீபாவளி என்பது மகாவீரர் முத்தி அடைந்த நாள். நரகாசுரனைப் பற்றி நான் ஆரம்பித்தால், "அது உங்க பக்கத்து வீட்டுக்காரங்க தீபாவளி" என்று சிரிப்பார்.

காலையில் அவர் பூசை செய்வதை மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். அலமாரித் தட்டில் கையகலத் தீர்த்தங்கரர் உருவம் ஒன்று. தீர்த்தங்கரர்கள் இருபத்துநான்கு பேர். முதல்வர் ரிஷபதேவர், கடைசியில் வந்தவர் மகாவீரர். நீர், சந்தனம், அட்சதை, பூ, படையல், தீபம், தூபம், பழம் என்று எட்டுப் பொருளை ஒவ்வொன்றாக வைப்பார். பலகையில் பச்சரிசியால் ஒரு சுவஸ்திகம் போடுவார். நாலு கை நாலு பிறவி: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று புள்ளி. நல்ல நம்பிக்கை, நல்ல அறிவு, நல்ல ஒழுக்கம். அதற்கும் மேலே ஒரு பிறை. அது விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடம். பிறகு ஐந்து பேருக்கு வணக்கம் சொல்லுவார். வினையை வென்றவர்களுக்கு, விடுதலை அடைந்தவர்களுக்கு, துறவிகளின் தலைவர்களுக்கு, ஓதுவிக்கும் துறவிகளுக்கு, உலகத்திலுள்ள எல்லாத் துறவிகளுக்கும். அவ்வளவுதான். மந்திரம் முடிந்துவிடும்.

"இன்னா சார் கேட்டீங்க சாமிகிட்ட?"

"ஒண்ணும் கேக்கல."

"கேக்காம எப்டி சார் குடுப்பாரு?"

"அவர் எதையும் வச்சிக்கல மாஸ்டர். எல்லாத்தையும் விட்டுட்டுதான் போனார். எதக் குடுப்பார்? போன வழியக் காட்டறார். நடக்கறது நம்ம வேலை."

போளூர் அருகே திருமலைக்கு என்னையும் ஒரு தடவை கூட்டிப்போனார். மலைப்பாறையில் நேமிநாதர் நின்றுகொண்டிருக்கிறார், ஐம்பதடி உயரம். எஸ்தர் பதினாறு என்று திருத்துகிறாள். அண்ணாந்து பார்த்தவனுக்கு ஐம்பதடிதான். ஆடை இல்லை, ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை. அவர் முன்னால் நின்ற நயினார் சார் கையைக் குவித்தாரே தவிர நீட்டவில்லை. நான் என் சபையில் வாரா வாரம் கர்த்தரிடம் கொடுக்கும் பட்டியலை நினைத்து வெட்கப்பட்டேன். பட்டியலைக் குறைக்கவில்லை, வெட்கப்பட்டேன்.

இனி வருவதை முழுதாக நான் ஒருவருக்கு மேல் சொன்னதில்லை.

அவருக்குப் பாதத்தில் பித்தவெடிப்பு. கோடையில் ரத்தம் கசியும். ரப்பர் செருப்பு அதை இன்னும் கிழித்தது. தாங்கித் தாங்கி நடப்பார். என்னால் பார்க்க முடியவில்லை. நான் யார்? வெளிநாட்டுக்காரன் காலுக்கே அளவெடுத்து அனுப்புகிறவன். என் மாடியில் குடியிருப்பவர் நொண்டுவதா? சித்திரை மாதம் கம்பெனியில் சாம்பிளுக்கு வந்து மிச்சமான கன்றுத் தோலைச் சூப்பர்வைசரிடம் சொல்லி வாங்கி, என் கையால் ஒரு ஜோடி செருப்பு செய்தேன். வெண்ணெய் தோற்கும். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் தொடவில்லை. "தோலா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"ரெக்ஸின் சார்" என்றேன்.

"இவ்ளோ மெத்துனு இருக்கே?"

"ஜெர்மனி ரெக்ஸின் சார். நம்மூருக்கு இன்னும் வரல."

ஆம்பூர் கடைத்தெருவில் செயற்கையான ரெக்ஸினைத் தோல் என்று விற்பவர்கள் நூறு பேர் உண்டு. தோலை ரெக்ஸின் என்று சொன்னவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாசனையில் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் காற்றே தோல் வாசனைதான். எதைத் தனியாக முகர்ந்து பார்ப்பது? அதோடு அவர் என் வார்த்தையை நம்பினார். போட்டுக்கொண்டார். ஒரு மாதத்தில் வெடிப்பு ஆறியது. "நீங்க பெரிய உபகாரம் பண்ணீங்க மாஸ்டர்" என்று பத்மாவதி அம்மா எஸ்தரிடம் வந்து சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி ஜம்பம் அடித்தேன். "ஒரு ஜைனரையே தோல் போட வெச்சேன், இன்ன வரைக்கும் அவருக்குத் தெரியாது!" எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்து மேசைக்காரர் பாஷா மட்டும் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினார்.

"தேவா, நீ என் தோஸ்த்து. நாளைக்கு உன் ஊட்ல எனக்குச் சோறு போடற. ஹலால்தான்னு சொல்ற. நான் நம்பி சாப்ட்டுடறேன். அப்புறம் நீ இங்க வந்து இப்டி சிரிப்பியா?"

"நல்லதுக்குதானே பாஷா செஞ்சேன்? கால் ஆறிடுச்சே!"

"கால் ஆறிடுச்சி. அவர் கேட்டாரு பாரு, 'தோலா'ன்னு. அதுக்கு இன்னா பதில் சொன்ன?"

அன்றிலிருந்து எனக்குப் பேஜார் பிடித்தது. சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால், அவர் ஆயுள் முழுக்கக் காத்த விரதத்தை நான் தினமும் அவர் காலாலேயே மிதிக்கவைக்கிறேன்.

ஆனி மாதத்தில் திகம்பர முனிவர் ஒருவர் பெங்களூர்ப் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழியே நடந்து வந்தார். வண்டி ஏறமாட்டார், துணி உடுத்தமாட்டார், கையில் ஒரு மயிற்பீலி, ஒரு கமண்டலம். உட்காருவதற்கு முன் பீலியால் தரையைத் தடவி எறும்பை விலக்குகிறார். நயினார் சார் லீவு போட்டுவிட்டு, ஊர் எல்லை வரைக்கும் அவர் பின்னால் நடந்தார். காலில் என் செருப்பு. நான் டீக்கடை மறைவில் நின்று பார்த்தேன். முன்னால் எறும்புக்கு வழிவிடுகிற கால்கள், பின்னால் கன்றுக்குட்டி.

ஆவணி முடிந்து பத்து நாள் விரதம் வந்தது. தசலட்சணம் என்பார்கள். பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், துறவு, பற்றின்மை, பிரமசரியம் என்று நாளுக்கு ஒரு அறம். ஒரு வேளைதான் சாப்பாடு. நேர்மை நாளிலும் வாய்மை நாளிலும் நான் அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன். பத்தும் முடிந்ததும், தெரிந்தவர் அத்தனை பேரிடமும் போய்ப் பொறுத்தருளக் கேட்பது அவர்கள் வழக்கம். முந்தின வருடம் இறங்கி வந்து, "மனசால, சொல்லால, செயலால, தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு பண்ணியிருந்தா பொறுத்துக்கங்க" என்று என்னிடம் கேட்டார். "மோட்டார் சுவிட்ச ஆஃப் பண்ணாம போனீங்களே, அதுக்கு மன்னிச்சேன் போங்க" என்று அப்போது பெரிய ராஜா மாதிரி சொல்லியிருந்தேன்.

அந்த வருடமும் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, உள்ளே வந்து கை குவித்து அதே வார்த்தைகளைச் சொன்னார். "பொறுத்துகிட்டேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பி வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைக்கப் போனார்.

"சார், அதப் போடாதீங்க."

"ஏன் மாஸ்டர்?"

"அது தோல் சார். ரெக்ஸின் இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவர் காலை எடுத்துக்கொண்டார். குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"என்ன ஜீவன்?"

"கன்னுக்குட்டி சார்."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "முனிவர் வந்தப்ப வெறுங்கால்லதான் நடக்கணும்னு நெனச்சேன். ஆறின கால் மறுபடி வெடிச்சிடுமேன்னு பயந்தேன். மாஸ்டர் குடுத்த ரெக்ஸின்தானேன்னு போட்டுகிட்டுப் போனேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எழுந்து வெறுங்காலோடு மேலே போனார்.

எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. எட்டு நாளும் வடிகட்டிய வெந்நீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்று எஸ்தர் கேட்டு வந்து சொன்னாள். தெருவில், "பண்டிக முடிஞ்சுடுச்சே சார், இன்னும் இன்னா விரதம்?" என்று கேட்டார்கள். "எனக்குக் கொஞ்சம் மீதி இருந்தது" என்று மட்டும் சொன்னாராம். வீட்டைக் காலி செய்யப் போகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இறங்கி வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என் முன்னால் நின்று மறுபடியும் கை குவித்தார்.

"மாஸ்டர், அன்னிக்கு நான் பொறுத்துக்கங்கன்னு கேட்டது முன்னாடி செஞ்சதுக்கு. அதுக்கப்புறம் எட்டு நாளா உங்கள மனசுல திட்டிகிட்டே இருந்தேன். பட்டினி கெடந்தும் கோபம் போகல. உங்களுக்குத் தெரியாது. அதுக்கும் பொறுத்துக்கங்க."

"சார், நான் செஞ்சது...?" என்று இழுத்தேன்.

"அத நீங்க இன்னும் கேக்கலியே மாஸ்டர்."

உண்மைதான். நடந்ததைச் சொன்னேனே தவிர, கேட்கவில்லை. அதுவரைக்கும் என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. அப்பாவிடம், எஸ்தரிடம், ஒருவரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கர்த்தரிடம் எல்லாரோடும் சேர்ந்து கும்பலாகக் கேட்பதோடு சரி. அவர் குவித்த மாதிரியே கையைக் குவித்தேன். "பொறுத்துக்கங்க சார்" என்றேன். இரண்டே சொல். ஒரு மூட்டை ஈரத்தோலைத் தலையில் தூக்கினவனுக்குத்தான் அந்தக் கனம் தெரியும்.

"பொறுத்துகிட்டேன்" என்றார். பிறகு, "அந்த ஜீவனக் குப்பையில போடக்கூடாது, வாங்க" என்றார். இருவரும் பாலாற்றுக்குப் போனோம். நான் மணலைத் தோண்டினேன். அவர் செருப்பை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்து, அந்த ஐந்து வணக்கத்தைச் சொன்னார். இந்தக் கையால் எத்தனையோ ஆயிரம் தோல் வெட்டியிருக்கிறேன். ஒன்றை அடக்கம் செய்தது அன்றைக்கு மட்டும்தான். இதில் எஸ்தர் கோடு போட ஒரு இடமும் இல்லை.

அதன்பின் அவர் பார்க்கப் பார்க்கக் கேன்வாஸ் துணியிலும் டயரிலும் ஒரு ஜோடி செய்தேன். ஒவ்வொரு துண்டையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஒட்டவிட்டார். என்னை நம்பாமல் அல்ல. "எனக்கு ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு மாஸ்டர்? போன தடவ அத நான் உபயோகிக்கல" என்றார்.

ரிடையர் ஆகி ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு புரட்டாசியிலும் போன் வரும். அவர் கேட்பார், நானும் கேட்பேன். அதே பழக்கத்தில் எஸ்தரிடம் கேட்க ஆரம்பித்தேன். முதல் தடவை அவள் எனக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பாஷாவிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடம் பேசாமலிருந்த என் தம்பியிடம் கேட்டேன். இன்றைக்கு அவன் பிள்ளைகள் என் வீட்டில் சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் நயினார் சார் எனக்குக் கொடுத்தது. கேட்டால் கொடுத்ததாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்.

தகனத்தன்று பாஷாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது கூட்டமாக இருந்தது, பேச முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போனேன். கடைசி நேரத்தில் தாம் அவர் காதில் அந்த ஐந்து வணக்க மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்ததாகப் பத்மாவதி அம்மா சொன்னார். நான் பேச்சோடு பேச்சாக, "அந்தச் செருப்பு விஷயத்துல நீங்களும் என்னப் பொறுத்துகிட்டீங்க இல்லம்மா?" என்றேன்.

"எந்தச் செருப்பு?" என்றார்.

அம்மாவுக்குத் தெரியாது. இத்தனை வருடம் நயினார் சார் தம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதும் சொன்னேன்.

"அந்த எட்டு நாளும் ஏன்னு தெரியாம நானும்தான் சாப்பிடல, மாஸ்டர்" என்றார்.

கை குவித்துக் கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் கை குவித்தார். "பொறுத்துகிட்டேன். விஜயன் நினைவு மலர் போடறான், இத அதுல எழுதுங்க. எல்லாரும் அவரு கோபமே படாதவருன்னு எழுதுவாங்க. அவருக்குக் கோபம் வந்துதுன்னு எழுதுங்க. வந்தப்புறம் அத என்ன பண்ணாருன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் அம்மா.

நயினார் சார், எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவரிடம் 'போ' என்று சொல்லமாட்டோம். 'போய் வாங்க' என்றுதான் சொல்லுவோம். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி ஒரு பிறவிக்கு வராமல் இருப்பதற்காகத்தானே இத்தனை நாள் இத்தனை கவனமாக நடந்தீர்கள். எனக்கு உங்களைத் திரும்பப் பார்க்க ஆசைதான். அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். வராதீர்கள் சார். போங்கள்.